ஒரு வெள்ளை வளையத்தின் விலை

பழைய மரச்சாமான் வாங்க வருகிறவர்கள் எதைப் பார்த்து விலை சொல்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? நான் கவனித்த வரையில் வாய் பேசுவது ஒன்று, கண் பார்ப்பது ஒன்று. கண் இழுப்பறையின் மூலையில் இணைப்பு எப்படிப் போட்டிருக்கிறது, கால் கடைசல் வேலையா, செல் அரித்திருக்கிறதா என்று ஒரு சுற்று சுற்றி வந்துவிடும். வாய் மட்டும் மேல்பலகையில் இருக்கும் வெள்ளை வளையத்தைப் பற்றியே பேசும். சூடான பாத்திரம் வைத்த தடம், ஈர டம்ளர் வைத்த தடம், ஏதோ ஒன்று. அதைக் காட்டிக் காட்டி விலையை இறக்குவார்கள். சில மாதங்களாக இது எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. வீட்டில் சொன்னால், "வியாபாரம்னா அப்படித்தான், விடேன்" என்கிறார்கள். விட முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்தில் என் அத்தையின் வீடு. மாமா போன பிறகு தனியாக இருந்தவரை, மகன் மாதவரத்தில் வாங்கிய அடுக்குமாடி வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டான். மூன்றாவது மாடி, லிஃப்டில் நாலு பேர் நின்றால் மூச்சு முட்டும். பெரிய சாமான் எதுவும் அங்கே போகாது. அப்படிக் கழிக்க வேண்டியதில் மாமாவின் அப்பா காலத்து மேசையும் ஒன்று. நீளமான தேக்கு மேசை, கடைந்த கால், பித்தளைக் கைப்பிடி வைத்த இரண்டு இழுப்பறை. பர்மா தேக்கு என்று அத்தை சொல்வார். வடசென்னையில் பழைய மேசை வைத்திருக்கிற எல்லோருடைய மேசையும் பர்மா தேக்குதான், அதை நான் கண்டுகொள்வதில்லை. ஆனால் நல்ல தேக்கு. ஒற்றைப் பலகை, ஒட்டு இல்லை. அதில் வேலை பார்த்தவர் கை தேர்ந்தவர் என்று பார்த்தாலே தெரியும்.

வாங்க வந்தவர் மேசையைச் சுற்றி வந்தார், அதன் மேல்பலகையில் இருந்த வெள்ளை வளையத்தில் விரலை வைத்தார். "தண்ணி எறங்கிடுச்சும்மா. மரம் உள்ள ஊறிப்போச்சு. மேல மொத்தமா செதுக்கணும், அப்பவும் போவுமான்னு சொல்ல முடியாது." 3,500 ரூபாய் என்றார். கறை இல்லாமல் இருந்தால் 8,000 கூடத் தந்திருப்பாராம். அத்தை தலையாட்டப் போனார். எனக்கு மரத்தைப் பற்றி அப்போது ஒன்றும் தெரியாது. ஆனால் பல வருஷம் துடைத்துத் துடைத்து வைத்த மேசையைப் பார்த்து ஒருவர் 'போச்சு' என்று சொல்ல, அத்தையின் முகம் போன போக்கைப் பார்த்து எரிச்சல் வந்தது. "யோசிச்சுச் சொல்றோம்" என்று அனுப்பிவிட்டேன். "வந்த காசையும் அனுப்பிட்டியேடி" என்று அத்தை அன்று பூராவும் முணுமுணுத்தார்.

சந்து சொன்ன வைத்தியங்கள்

கறை விஷயம் வெளியே தெரிந்ததும் சந்தில் இருந்த ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு வைத்தியம் வந்தது. எதிர்வீட்டு அம்மா விபூதியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தேய்க்கச் சொன்னார். பக்கத்து வீட்டுப் பெண் வெள்ளைப் பற்பசை என்றாள், ஜெல் கூடாதாம். கல்லூரி படிக்கிற பையன் ஒருவன் மயோனைஸ் பூசி ராத்திரி முழுக்க வைக்கச் சொன்னான். இந்த ஊரில் மயோனைஸ் என்பது கிரில் சிக்கனுக்கு ஒரு சின்னக் கப்பில் வருவது. 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு ஓராண்டு தடையே போட்டது. அத்தை, "சாப்பிடவே கூடாதுன்னு சொன்னதை மேசைக்குப் போடணுமா" என்று அந்த யோசனையை அங்கேயே முடித்துவிட்டார்.

இதில் எதுவுமே மூடநம்பிக்கை இல்லை என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். பழைய மேசைகளுக்குப் போட்டிருப்பது பெரும்பாலும் அரக்கு பாலீஷ். அரக்குப் பூச்சி மரக்கிளையில் கசிந்து வைக்கிற பிசினைச் சுத்தம் செய்து, ஸ்பிரிட் என்கிற ஆல்கஹாலில் கரைத்து, துணியால் மெல்லிசாகப் படலம் படலமாக ஏற்றுவது. நம் நாட்டில் ஜார்க்கண்டில்தான் இது அதிகம். அந்தப் பூச்சி வாழும் மரங்களில் புரசும் ஒன்று, நம் புரசைவாக்கத்துக்குப் பெயர் கொடுத்த அதே புரசு. பளபளப்பில் இதை அடிக்க ஒன்றுமில்லை, ஆனால் சூட்டுக்கும் ஈரத்துக்கும் பயந்த சுபாவம். 75 டிகிரியை ஒட்டியே இளக ஆரம்பித்துவிடும். ஆவி பறக்கிற பாத்திரத்தை அப்படியே வைத்தால் அடியில் படலம் இளகும், ஈரம் அதற்குள் புகுந்து நுண்ணிய வெற்றிடங்களாக உட்கார்ந்துவிடும். ஒளி அதில் பட்டுச் சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது. அவ்வளவுதான் கதை. மரத்துக்கு எதுவும் ஆகவில்லை, மரத்துக்கு மேலே உள்ள தாள் கனமுள்ள படலத்துக்குத்தான் ஆகியிருக்கிறது.

இந்த வெள்ளை பெரும்பாலும் படலத்தின் மேற்பரப்பை ஒட்டியே இருக்கும். அதனால்தான் விபூதியும் பற்பசையும் வேலை செய்கின்றன. இரண்டுமே நுண்ணிய தூள். படலத்தின் மேல்தோலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து எடுக்கின்றன, வெள்ளையும் கூடவே போகிறது. ஆனால் தேய்த்த இடம் மட்டும் பளபளப்பு மாறிப்போகும், சாய்வாகப் பார்த்தால் தெரியும். எண்ணெயும் மயோனைஸும் தேய்ப்பதில்லை. அதிலிருக்கும் எண்ணெய் மெதுவாக உள்ளே இறங்கி அந்த வெற்றிடங்களை நிரப்புகிறது. புதுக் கறைக்குச் சில நேரம் பலிக்கும், பழசுக்குக் கஷ்டம். ஹேர் டிரையரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து இளஞ்சூடு காட்டினால் புதுக் கறை கண்ணெதிரே மறைவதும் உண்டு. துணி விரித்து அயர்ன் பாக்ஸ் வைக்கிற வித்தையும் அதே தத்துவம்தான். ஆனால் அதில் எனக்குப் பயம். எங்கள் தெருவில் ஒரு வீட்டு டீபாயில் அப்படி வைத்ததில் துணியின் இழை பாலீஷில் அச்சாகப் பதிந்துவிட்டது. ஈரத் தடம் போய்ப் பூத்துண்டுத் தடம் வந்தது.

பாலீஷ்காரர்

அத்தைக்குத் தெரிந்த பாலீஷ்காரர் ஒருவர் புளியந்தோப்பில் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டபோது உடனே வரவில்லை. கார்த்திகை மாதம், வானம் மூடியே கிடந்தது. "மழ நாள்ல கூப்டாதம்மா, பாலீஷ் பூத்துக்கும்" என்று போனை வைத்துவிட்டார். சாக்கு சொல்கிறார் என்றுதான் நினைத்தோம். இல்லை. ஸ்பிரிட் ஆவியாகும்போது அந்த இடத்தைக் குளிரவைக்கிறது. காற்றில் ஈரம் நிறைய இருந்தால் அது அங்கே படிந்து, காய்ந்துகொண்டிருக்கும் அரக்கில் மாட்டிக்கொள்கிறது. பாத்திரம் எதுவும் வைக்காமலேயே மேசை முழுக்க வெள்ளை படர்ந்துவிடும். காசிமேட்டுக் காற்று வீட்டுக்குள் வருகிற ஊரில், நாள் பார்த்து வேலை செய்கிறவர்தான் நல்ல பாலீஷ்காரர் என்று இப்போது சொல்வேன்.

வெயில் வந்த ஒரு நாள் வந்தார். தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் பஞ்சு, பழைய மல் துணி, உப்புத்தாள், இரண்டு பாட்டில். வளையத்தைத் தொடவே இல்லை. மேசைக்கு அடியில் குனிந்து, கண்ணில் படாத ஓரத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட்டைத் தடவி, விரலால் தொட்டுப் பார்த்தார். ஒட்டியது. "அரக்குதான். பயம் இல்ல" என்றார். இந்தக் கால மெலமைன் பாலீஷோ பி.யூ. பாலீஷோ என்றால் ஸ்பிரிட் அதைக் கரைக்காது, ஒட்டாது, வழியும் வேறு. அப்புறம் ஜன்னலைத் திறக்கச் சொல்லி, தலையைச் சாய்த்து, வெளிச்சம் படும் கோணத்தில் பலகையைப் பார்த்தார். மேசையின் அந்தக் கோடியில் எங்கள் கண்ணில் இத்தனை நாள் படாமலே இருந்த ஒன்றில் போய் நின்றது அவர் பார்வை. சின்னச் சின்னதாக நாலு கருப்புப் பொட்டு.

"தபாரு பாப்பா. வெள்ளையா கீதே, அது பாலீஷ்ல கீது. கருப்பா கீதே, அது மரத்துல கீது. இத எடுக்க அர மணி நேரம். அத எடுக்க நாலு நாள்." சொல்லிவிட்டுச் சிரித்தார். "வந்தவன் எத்தக் காட்டுனான்?"

வெள்ளையைத்தான் காட்டினார் என்றேன்.

"அதான்."

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு வேலையைத் தொடங்கினார். பஞ்சை மல் துணியில் பொதிந்து, கைக்குள் அடங்குகிற உருண்டையாகச் செய்தார். அதில் ஸ்பிரிட்டைக் கொஞ்சமாகவே விட்டு, உள்ளங்கையில் அழுத்தி ஈரத்தை வாங்கினார். என் கையிலும் வைத்துக் காட்டினார். சில்லென்று இருந்தது, நனையவில்லை. "இந்த அளவுதான். சொட்டுச்சுன்னா பாலீஷ் வழிச்சிக்கினு வந்துரும்." வெங்காயத்தால் தோசைக்கல்லை ஒரு இழுப்பு இழுப்போமே, அப்படி வளையத்தின் மேல் ஒரே வீச்சில் இழுத்து எடுத்தார். நிறுத்தவே இல்லை, நிறுத்தினால் அந்த இடத்திலேயே துணி ஒட்டிக்கொள்ளுமாம். காயவிட்டு மறுபடி ஒரு வீச்சு. அரக்கு லேசாக இளகித் தனக்குத்தானே மூடிக்கொள்வதற்கு அது போதும். வளையத்தின் ஒரு பக்கம் மங்கி, அரைவட்டமாகி, பிறகு எங்கே இருந்தது என்று நான் தேட வேண்டியதாகிவிட்டது. அத்தை வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், கழற்றிவிட்டும் பார்த்தார். 300 ரூபாய், ஒரு டீ.

இதைப் படித்துவிட்டு யாராவது வீட்டில் செய்து பார்ப்பீர்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன்: ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கிற சாமான். அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி எதுவும் பக்கத்தில் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அளவு கூடினால் கறையோடு பாலீஷும் போகும். 2020-இல் வீட்டுக்கு வீடு சானிடைசர் பாட்டிலை மேசையில் வைத்தோமே, அப்போது எத்தனை மேசைகளில் பாட்டில் அடி வட்டமாகப் பதிந்தது! அதுவும் இதே ஆல்கஹால் செய்த வேலைதான். பழக்கம் இல்லாதவர்கள் அடிப்பக்கத்தில் கை பழகிவிட்டு மேலே வருவது நல்லது. வளையம் போன இடத்துக்குக் கொஞ்சம் மெழுகு பாலீஷ் தேய்த்தால் பளபளப்பும் சுற்றுப்புறத்தோடு கலந்துவிடும்.

நாலு கருப்புப் பொட்டு

கருப்பு வேறு சங்கதி. மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடம் வரிசை போடுகிற காலம் குறைந்து, குடிக்க 20 லிட்டர் கேன் வாங்குகிற காலம் வந்தபோது அத்தை அந்த மேசையின் கோடியில்தான் கேன் ஸ்டாண்டு வைத்திருந்தார். இரும்புக் கம்பி ஸ்டாண்டு, காலில் இருந்த ரப்பர் கழன்று போனது. குழாய் சொட்டி, கால் துருப்பிடித்து, அந்த நீர் பாலீஷைத் தாண்டி மரத்துக்குள் இறங்கியிருக்கிறது. தேக்கில் துவர்ப்புச் சத்து உண்டு. அதோடு இரும்பு சேர்ந்தால் கருப்பு. துவர்ப்பான கடுக்காயையும் இரும்பு உப்பான அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அந்த ரசாயனமேதான். கலம்காரித் துணியில் கருப்புக் கோடு விழுவதும் இப்படித்தான்: துணி கடுக்காயில் தோய்ந்திருக்கும், மேலே இரும்பும் வெல்லமும் ஊறிய நீரால் வரைவார்கள். அத்தை வீட்டு மேசையில் கேன் ஸ்டாண்டு வரைந்திருக்கிறது.

விபூதியோ மயோனைஸோ ஸ்பிரிட்டோ இதன் கிட்டே நெருங்காது. எலுமிச்சம்பழம் தேய்ப்பவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்து பித்தளைச் சொம்புக்குப் போதும், தேக்கில் ஊறின கருப்புக்குப் போதாது. இதற்கென்று இருப்பது ஆக்சாலிக் அமிலம், வெள்ளைப் படிகமாகக் கிடைக்கும். பாரிமுனைப் பக்கம் கோவிந்தப்ப நாயக்கன் தெருவின் கெமிக்கல் கடைகளில் கேட்டால் தருவார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் துணியை வெளுக்கிறவர்களைக் குடிவைத்த வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள் நான். கறையென்றால் பிளீச்சிங் பவுடர் என்றுதான் கை போகும். அது இங்கே உதவாது, இரும்புக் கறையை எடுக்காது. அதைவிட முக்கியம், பிளீச்சிங் பவுடரையும் இந்த அமிலத்தையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.

முறையைப் பாலீஷ்காரர் சொன்னபடி எழுதுகிறேன். முதலில் மேல்பலகையின் பாலீஷை முழுக்க எடுக்க வேண்டும், அமிலம் மரத்தைத் தொட்டால்தான் வேலை. பிளாஸ்டிக் மக்கில் வெந்நீர் விட்டு, படிகத்தைக் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு, பிரஷ்ஷால் பலகை முழுக்கத் தடவ வேண்டும். பொட்டில் மட்டும் தடவினால் அங்கே மட்டும் மரம் வெளுத்து, கருப்புப் பொட்டுக்குப் பதில் வெள்ளைத் திட்டு வரும். கருப்பு மறைந்ததும் நல்ல தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவித் துடைத்து, நிழலில் காயவைக்க வேண்டும். கழுவாமல் உப்புத்தாள் போடவே கூடாது. காய்ந்த படிகம் தூளாகிப் பறந்தால் மூக்கையும் தொண்டையையும் அரித்துவிடும். வாய்க்குள் போனால் விஷம். குழந்தை இருக்கிற வீட்டில் மீதியை எடுத்து வைக்காதீர்கள். இதெல்லாம் முடிந்து மறுபடி அரக்கு ஏற்ற வேண்டும். அவர் கேட்ட கூலி 2,500. நியாயமான கூலி.

கணக்கு அங்கேதான் எனக்கு இடித்தது. வாங்க வந்தவர் 4,500 ரூபாய் குறைத்தது, 300 ரூபாயில் போகிற வெள்ளையைக் காட்டி. உண்மையிலேயே செலவு வைக்கிற கருப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தெரியாமலா? "அவனுக்கா தெரியாது" என்றார் பாலீஷ்காரர். கருப்பை அவர்கள் எடுக்கவே மாட்டார்களாம், மேசை முழுக்க அடர்ந்த வால்நட் கலர் ஏற்றினால் மூடிவிடும். பார்க்கிறவர் மிரள்வது வெள்ளைக்குத்தான், அதனால் அதைக் காட்டுகிறார்கள். இதைச் சொன்னவரிடம் எனக்கு ஒரு கேள்வி இருந்தது, கேட்டும்விட்டேன். அவர் வருஷத்தில் பாதி நாள் வேலை செய்வதே அந்த மாதிரிப் பழைய சாமான் கடைகளுக்குத்தானே? கொஞ்சமும் தயங்கவில்லை. "ஆமா. அப்டி வாங்குன மேசைக்கெல்லாம் பாலீஷ் போட்டதே நான்தான். வூட்டுக்காரங்க யாராவது என்னக் கூப்டாங்களா? மேசை போனப்புறம்தான் எங்கிட்ட வருது." பதில் சொல்ல எனக்கு ஒன்றும் வரவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த தண்ணீர் வடிந்த பிறகு எங்கள் பக்கத்தில் எத்தனை கட்டிலும் பீரோவும் தெருவுக்கு வந்தன என்று நினைத்துப் பார்க்கிறேன். பிளைவுட்டும் தூள்பலகையும் ஊறி உப்பிவிட்டால் மீளாது, அதைத் தூக்கிப் போட்டது சரி. ஆனால் அதோடு சேர்ந்து, கால் மட்டும் வெளுத்துப்போன நல்ல மரக் கட்டில்களும் வந்த விலைக்குப் போயின. நிழலில், காற்றோட்டத்தில், செங்கல் மேல் தூக்கி நிறுத்திப் பொறுமையாகக் காயவைத்திருந்தால் நிறையத் தேறியிருக்கும். வெயிலில் போட்டால்தான் பலகை கோணும், வெடிக்கும். அன்றைக்கு அதையெல்லாம் நிதானமாக யோசிக்கிற நிலையில் யாரும் இல்லை என்பதும் நிஜம்.

என் வீட்டுக்காரர் இந்த விஷயத்தில் என் கட்சி இல்லை. டெம்போ வாடகை, குடோன் வாடகை, மாதக்கணக்கில் விற்காமல் கிடக்கிற முடக்கம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அந்த ஆள் 3,500 சொல்லியிருப்பார், அதில் தப்பென்ன என்கிறார். தப்பில்லை. டெம்போ வாடகை ஆகும், குடோனில் கிடக்கும் என்று சொல்லிக் குறைத்திருந்தால் அத்தை ஒத்துக்கொண்டிருப்பார், நானும் சும்மா இருந்திருப்பேன். மரம் ஊறிப்போச்சு என்று ஏன் சொல்ல வேண்டும்?

மேசையை அதே சந்தில் டியூஷன் எடுக்கிற டீச்சர் 6,000 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டார். அத்தை கேட்டது 7,000. கருப்புப் பொட்டு நாலையும் நான் காட்டினேன், ஆயிரம் குறைந்தது. "பார், கடைசியில நீயும் கறையைக் காட்டித்தான் விலையைக் குறைச்சே" என்று அதற்கும் வீட்டில் ஒரு கேலி. டீச்சர் பொட்டு மேல் நோட்டுப் புத்தகங்களை அடுக்கிவிட்டார். முழுப்பரீட்சை முடிந்து பிள்ளைகள் வராத மே மாதத்தில் பொட்டை எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். பாலீஷ்காரரின் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். மே என்றால் அவருக்கும் சம்மதம், அமிலம் போட்டுக் கழுவின பலகை கத்திரி வெயில் காலத்தில் நிழலிலேயே சீக்கிரம் காய்ந்துவிடுமாம்.